நுளம்புக்குச் செடி நட்டால் போதுமா? வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கல்லடி_வளவு:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது கல்லடியில். ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல், பகலில் காற்றுக்குக் குறைவில்லை, ஆனால் பின்னேரம் காற்று விழுந்ததும் நுளம்பு வீட்டுக்குள் நிறைந்துவிடும், மாரி தொடங்கினால் சொல்லவே வேண்டாம். போன மாரியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு வந்து ஐந்து நாள் வார்ட்டில் வைத்திருந்தார்கள். அந்த ஐந்து நாளும் அந்தத் தாய் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, காதடியில் நுளம்புச் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. எனக்கும் இரண்டு பிள்ளைகள், மூத்தவனுக்கு நாலு வயது, சின்னவளுக்கு எட்டு மாதம்.

நுளம்புத்திரி கொளுத்தினால் மூத்தவனுக்கு மூச்சு முட்டு வந்துவிடுகிறது, அதனால் அதை நிறுத்திவிட்டோம். மாமி பின்னேரங்களில் சிரட்டைத் தணலில் நொச்சியும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வீடு முழுக்கப் புகை காட்டுவார். நுளம்பு குறைகிறது, அதை நானே கண்டிருக்கிறேன், ஆனால் அதற்கும் பிள்ளை இருமுகிறான். மாமியிடம் வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, அவர் பேரப்பிள்ளைகளுக்காகத்தானே அந்தத் தணலோடு நின்று வேர்க்கிறார்.

இரண்டு மாதத்துக்கு முதல் பூங்கன்று விற்கும் ஒரு இடத்தில், இது நுளம்புச் செடி, யன்னலடியில் வைத்தால் ஒரு நுளம்பும் உள்ளே வராது என்று சொல்லி இரண்டு சாடி தந்தார்கள், ஒன்று 850 ரூபாய். இலையைத் தொட்டால் எலுமிச்சை வாசம் வரும். பிள்ளைகள் படுக்கும் அறை யன்னலில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, இன்னும் கூடின மாதிரித்தான் இருக்கிறது.

வளவில் துளசி, கற்பூரவள்ளி, ஒரு வேம்பு, எலுமிச்சைப்புல் எல்லாம் நிற்கின்றன. இவற்றை எப்படிப் பாவித்தால் உண்மையில் பலன் கிடைக்கும்? கைக்குழந்தைக்கு எது ஆபத்தில்லாதது? அதோடு இன்னும் இரண்டு கேள்வி. ஊரில் இருந்து வந்த குத்தரிசியில் வண்டு விழுந்துவிட்டது, குசினியில் எறும்புத் தொல்லையும் இருக்கிறது. மருந்து அடிக்காமல் ஏதாவது வழி உண்டா? கேள்விப்பட்டதை விட, செய்து பார்த்ததைச் சொன்னால் பெரிய உதவி.

படுவான்கரை_விவசாயி:

தங்கச்சி, நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். வேளாண்மைக் காவலுக்கு வாடியில் படுக்கிற ஆட்களுக்கு நொச்சி இல்லாமல் இரவு விடியாது, அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நொச்சிப் புகை நன்றாக வேலை செய்யும், ஆனால் அது வெளியில் போடுகிற புகை. நாங்கள் வாடிக்குள் போடுவதில்லை, காற்று வருகிற பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் பொச்சுமட்டையைக் கொளுத்தி, தணல் பிடித்த பிறகு பச்சை நொச்சிக் கொப்பை மேலே போட்டு மூடினால் புகை தரையோடு படுத்து வரும். மாட்டுப்பட்டிக்கும் இப்படித்தான், மாடுகள் தாமாகவே வந்து புகைப் பக்கம் நிற்கும். இதைக் கதவு யன்னல் பூட்டிய கல்வீட்டுக்குள் செய்வது வேறு கதை. பழைய வீடுகளில் ஓலைக் கூரை, புகை மேலால் போய்விடும், உங்கள் வீட்டில் ஓடும் சீலிங்கும் இருந்தால் அந்தப் புகை முழுதும் பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகும். மாமியிடம் புகை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், முற்றத்தில் போடுவோம் மாமி என்று சொல்லுங்கள். பொழுது சாய அரை மணித்தியாலம் முதல், காற்றுப் பக்கம் பார்த்து, பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொண்டு.

அரிசிக்கு வருகிறேன். வண்டு வெளியில் இருந்து பறந்து வருவது குறைவு, பெரும்பாலும் தானியத்துக்குள்ளேயே வருகிறது. பெட்டை வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து மேலே அடைத்துவிடும், புழு உள்ளுக்குள்ளேயே தின்று வளர்ந்து வண்டாகித்தான் வெளியே வரும். அதனால் வண்டு விழுந்த பிறகு வேப்பிலை போட்டு ஒன்றும் ஆகாது, உள்ளே இருப்பதற்கு இலையின் வாசம் எட்டாது. இலை என்பது வருமுன் காப்பு.

நாங்கள் நெல்லை மூட்டை கட்டுவதற்கு முதல் நன்றாகக் காயவிடுவோம், பல்லில் கடித்தால் டக்கென்று முறிய வேண்டும், நசிந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். சந்தைப்படுத்தும்போது ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள், அதுவும் இதே கணக்குத்தான். மறுகா நிழலில் காய வைத்த நொச்சி இலையையும் வேப்பிலையையும் சாக்குக்குச் சாக்கு இடையில் பரப்புவோம். பச்சை இலை போடவே கூடாது, இலையின் ஈரம் நெல்லுக்குப் போய்ப் பூஞ்சணம் பிடிக்கும், நான் ஒரு போகத்தில் அப்படி நாலு மூட்டை கெடுத்தேன், வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்த நெல், இன்னும் மனதில் இருக்கிறது. சாக்கு சீமெந்துத் தரையில் முட்டக் கூடாது, கீழே பலகை, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி. இவ்வளவும் செய்தால் அடுத்த போகம் வரைக்கும் நிற்கும்.

வந்தாறுமூலை_தாவரவியல்:

அக்கா, நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவன். உங்கள் 850 ரூபாய்ச் செடியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லி விற்பது எனக்கு உண்மையில் கோபம் தருகிற விடயம். இலை பிளந்து பிளந்து, கொஞ்சம் மயிர்த்தன்மையோடு இருக்கிறதா? அப்படியென்றால் அது பெலர்கோனியம் இனம், எலுமிச்சை வாசம் வருவதால் நுளம்புச் செடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் செடியைச் சோதித்துப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவர்களை நுளம்பு வழமை போலவே கடித்தது, செடியின் இலை மேலேயே நுளம்பு வந்து இருந்ததையும் கண்டிருக்கிறார்கள்.

காரணம் எளிது. வாச எண்ணெய் இலையின் மேல் உள்ள நுண்ணிய சுரப்பிகளுக்குள் அடைபட்டு இருக்கிறது. நீங்கள் கசக்கினால், நறுக்கினால், சூடாக்கினால் அந்தச் சுரப்பி உடைந்து வாசம் வெளியே வரும். சும்மா சாடியில் நிற்கும் செடி ஒன்றும் விடுவதில்லை, விடுவது என்றாலும் மிகச் சொற்பம். நுளம்போ உங்கள் மூச்சுக்காற்றின் கரியமிலவாயுவையும், தோலின் வாசத்தையும், உடம்புச் சூட்டையும் பிடித்துக்கொண்டு வருகிறது. யன்னலில் ஒரு செடி நிற்பதால் அதற்கு உங்கள் வாசம் மறையாது. துளசிக்கும் கற்பூரவள்ளிக்கும் இதே கதைதான். வளவு முழுக்கத் துளசி நட்டாலும் நுளம்பு அதன் நிழலில்தான் பகலில் இளைப்பாறும்.

எலுமிச்சைப்புல் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. கறிக்குப் போடுகிற எலுமிச்சைப்புல், சிங்களத்தில் சேர என்று சொல்வது, அதன் அடித்தண்டு வெளிறிய பச்சை. சிட்ரனெல்லா எண்ணெய் வடிக்கிற புல் வேறு, அடித்தண்டு சிவந்து இருக்கும், சிங்களத்தில் பெங்கிரி என்பார்கள், கறிக்கு ஆகாது. ஒரு காலத்தில் மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கங்களில் இருந்து இந்த எண்ணெய் கப்பல் கப்பலாகப் போனது, உலகச் சந்தையில் இன்றைக்கும் சிலோன் வகை, ஜாவா வகை என்று இரண்டாகப் பிரித்துத்தான் சொல்வார்கள். சிலோன் வகை லெனபட்டு, ஜாவா வகை மஹாபெங்கிரி. நுளம்பை விரட்டும் சிட்ரனெல்லால் என்ற பொருள் ஜாவா வகையில் அதிகம். கடையில் வாங்கும் எண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து பூசினால் நுளம்பு கிட்ட வராது, உண்மை, ஆனால் அது வேகமாக ஆவியாகிற எண்ணெய், ஒரு மணித்தியாலம், மிஞ்சிப் போனால் இரண்டு. திரும்பவும் பூச வேண்டும். நொச்சி எண்ணெய்க்கும் விரட்டும் தன்மை இருப்பது பரிசோதனைகளில் தெரிந்ததுதான், அண்ணன் சொன்ன புகை வெறும் நம்பிக்கை இல்லை.

கல்லடியில் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் முட்டை இடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். யாழ்ப்பாணத்திலும் நம் மட்டக்களப்பிலும் செய்த ஆய்வு ஒன்று 2011 இல் வெளிவந்தது, கரையோரத்தில் வீசிக் கிடந்த பிளாஸ்ரிக், கண்ணாடிப் பாத்திரங்களிலும் பாவிக்காத கிணறுகளிலும் தேங்கிய உவர்த்தன்மையான தண்ணீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள், அதாவது அதன் புழுக்கள், வளர்ந்திருந்தன. ஆகவே எங்கள் கிணறு உவர், அதில் டெங்கு நுளம்பு வராது என்று கடற்கரை ஆட்கள் இருக்க முடியாது.

கல்லடி_வளவு:

தம்பி, நீங்கள் சொன்னபடியேதான் இலை இருக்கிறது, மனம் நொந்துவிட்டது. அண்ணன், மாமியிடம் முற்றத்தில் போடுவோம் என்று சொன்னேன், உடனே சரி என்றுவிட்டார், இவ்வளவு நாளும் நான்தான் வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும், சின்னவளுக்கு வேப்பெண்ணெய் தேங்காய் எண்ணெயில் கலந்து பூசலாமா? பக்கத்தில் ஒரு வெறும் வளவும் இருக்கிறது, அதற்குள் ஒரு பாழ் கிணறு, சொந்தக்காரர் வெளிநாட்டில்.

திருக்கோவில்_தாதி:

மகள், நான் தாதியாக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள், இப்போது ஓய்வு. 2017 இல் நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவான அந்த வருடம் நான் வார்ட்டில் நின்றேன். கட்டிலுக்குக் கட்டில் வலை கட்டி, மணிக்கு மணி இரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீர் அளந்து, வீட்டுக்குப் போனாலும் நித்திரை வராது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். பின்னேரப் புகை, இரவு வலை எல்லாம் இரவில் கடிக்கிற நுளம்புக்குத்தான் சரி. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, காலையில் விடிந்த பிறகு சில மணித்தியாலமும், பின்னேரம் பொழுது சாய முதலும்தான் அதற்கு மும்முரம். நீங்கள் மாலையில் புகை போடும்போது அது தன் வேலையை முடித்திருக்கும். எட்டு மாதப் பிள்ளை பகலில் எத்தனை தரம் தூங்குகிறது, அந்தத் தூக்கம் ஒவ்வொன்றுக்கும் வலை வேண்டும். குடை மாதிரி விரிக்கிற சின்ன வலை கடைகளில் கிடைக்கும், நான் எல்லாத் தாய்மாருக்கும் முதலில் சொல்வது அதுதான். ஃபேனையும் பிள்ளைப் பக்கம் திருப்பி விடுங்கள், நுளம்புக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பு காணாது. கை கால் மூடும் மெல்லிய பருத்தி உடுப்பு.

எண்ணெய் விடயம். வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து பெரியவர்கள் பூசலாம், நான் பூசுவேன், முதலில் முழங்கையில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான். ஆனால் கைக்குழந்தைக்கு வேண்டாம். அது கையை வாயில் வைக்கும். வேப்பெண்ணெய் வாய்க்குள் போனால் சின்னப் பிள்ளைகளுக்கு நஞ்சு, வயிற்றுப் பூச்சிக்கு என்று பருக்கிவிட்டு வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று கொண்டுவந்த பிள்ளைகளைப் பற்றி மருத்துவ நூல்களில் எழுதியிருக்கிறார்கள். சிட்ரனெல்லா எண்ணெயையும் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நான் பூசச் சொல்ல மாட்டேன். எலுமிச்சை யூக்கலிப்டஸ் எண்ணெய் என்று போத்தலில் வருவது மூன்று வயதுக்குப் பிறகுதான். மூத்தவனுக்கு என்ன பூசலாம் என்று பிள்ளை வைத்தியரிடம் ஒரு முறை கேளுங்கள், முட்டு இருக்கிற பிள்ளை என்பதையும் சொல்லுங்கள், வாசமான எண்ணெயே சில பிள்ளைகளுக்கு இருமலைக் கிளப்பும்.

இயற்கை என்றால் ஆபத்தில்லை என்று ஒரு எண்ணம் எங்கள் பக்கம் ஆழமாக இருக்கிறது, அது என்னைப் பயமுறுத்துகிறது. அன்னமுன்னா விதையை அரைத்துப் பேனுக்குத் தலையில் பூசுவார்கள், பேன் சாகும், ஆனால் அது கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிவிடும், அப்படிக் கண் சிவந்து வீங்கி அழுதுகொண்டு வந்த ஒரு பிள்ளையை நான் மறக்கவில்லை. வசம்பை அலுமாரியில் பூச்சிக்குப் போடுங்கள், நல்லது, பிள்ளையின் கையில் வசம்பு வளையல் கட்டிச் சப்ப விடாதீர்கள், நாக்கில் உரைத்துத் தடவாதீர்கள், அதில் இருக்கும் அசரோன் என்ற பொருள் உள்ளே போவது நல்லதல்ல. கற்பூரத்தைத் தட்டில் தண்ணீரில் போட்டு அறை மூலையில் வைப்பார்கள், நாலு வயதுப் பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டால் வலிப்பு வரும். புகைக்கு இலை பிடுங்கும்போது வேலியில் நிற்கிற அலரியோ ஊமத்தையோ ஒரு கொப்பும் கலந்துவிடக் கூடாது, அவற்றின் புகையும் நஞ்சு.

மறுகா தண்ணீர். நுளம்பு முட்டையில் இருந்து பறக்கும் நுளம்பாக வருவதற்கு எங்கள் சூட்டில் ஒரு கிழமை, பத்து நாள் போதும், அதனால்தான் கிழமைக்கு ஒரு தரம் துப்பரவு செய்யச் சொல்கிறோம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்து கிடந்தாலும் பல மாதம் உயிரோடு இருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். தும்பு வைத்து உரஞ்சிக் கழுவ வேண்டும். பூச்சாடிக்குக் கீழே வைக்கிற தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, எறும்புக்கு என்று அலுமாரிக் காலடியில் வைக்கிற தண்ணீர்ச் சிரட்டை, கூரைப் பீலி, இளநீர்க் கோம்பை, யோகட் கோப்பை. செடிகளிலேயே அன்னாசியின் இலைக் கக்கத்திலும் வாழையின் மடல் இடுக்கிலும் மழைத் தண்ணீர் நிற்கும், அதிலும் வரும். இந்த நுளம்பு வெகுதூரம் பறக்காது, உங்கள் பிள்ளையைக் கடிப்பது பெரும்பாலும் உங்கள் வளவில் அல்லது அடுத்த வளவில் பிறந்ததுதான்.

அந்தப் பாழ் கிணற்றுக்கு, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுதிக் கொடுங்கள். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி காணிச் சொந்தக்காரருக்குப் பொறுப்பு இருக்கிறது, வெளிநாட்டில் இருந்தாலும் காணியைப் பார்க்கிற ஆள் ஒருவர் இருப்பார். அதுவரைக்கும் வலை போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் கப்பி மீன் விடுங்கள், அது குடம்பியைத் தின்னும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும், நிறைக்குத் தக்க அளவில். இபுபுரூபன், அஸ்பிரின், டைக்லோபெனாக் எதுவும் கொடுக்கக் கூடாது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நாள் பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள், இரத்தம் எப்போது பார்ப்பது என்று அவர் சொல்வார். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாகிற நேரம்தான் டெங்குவில் அதிகக் கவனம் தேவையான நேரம், வயிற்றுவலி, விடாத வாந்தி, பிள்ளை சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

படுவான்கரை_விவசாயி:

அக்கா சொன்ன அலரி விடயம் எல்லோரும் கவனிக்க வேண்டியது, எங்கள் ஊரில் வேலி முழுக்க அலரிதான். ஆனால் ஒரு விடயத்தில் எனக்கு மனம் ஒத்துவரவில்லை. புகை பின்னேரம் போடுவதால் பிரயோசனம் குறைவு என்று விட்டுவிட முடியாது, இரவு முழுக்கக் கடி வாங்கி நித்திரை இல்லாமல் இருக்கிற பிள்ளைக்கு அதுவும் ஒரு ஆறுதல்தானே. இரவு நுளம்பாலும் யானைக்கால் நோய் வந்த நாடு இது.

திருக்கோவில்_தாதி:

தம்பி, நீங்கள் சொல்வது சரி, இரவு நுளம்புக்கு முற்றத்துப் புகை போடலாம், நான் அதை மறுக்கவில்லை. யானைக்காலைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது, அதே வருடம் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் பாடுபட்டு வாங்கியது அது. புகை போட்டோம், இனிப் பயமில்லை என்று பகல் நேரத்தைத் தாய்மார் மறந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அக்கரைப்பற்று_ராத்தா:

தங்கச்சி, நுளம்புக்கு நல்ல ஆட்கள் பதில் சொல்லிவிட்டார்கள், நான் குசினிக்குள் வருகிறேன்.

வண்டு விழுந்த அரிசியை எறியாதீர்கள். சுளகில் புடைத்துவிட்டு, வெயிலில் பாயில் மெல்லிசாகப் பரப்புங்கள், சூடு ஏற ஏற வண்டு தானாக ஓரத்துக்கு ஓடும், இடையிடையே கிளறி விட வேண்டும். கொஞ்ச அரிசி என்றால் பையில் கட்டி டீப் ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுங்கள், உள்ளே இருக்கிற புழுவும் முட்டையும் செத்துவிடும், எடுத்த பிறகு ஈரம் போக ஆறவிட்டு வாளிக்குள் போடுங்கள். இதற்கிடையில் அரிசி வாளியை வெறுமையாக்கி, அடி மூலை, மூடி விளிம்பு எல்லாம் கழுவி வெயிலில் காய வையுங்கள். பழைய அரிசி நாலு மணி அடியில் கிடந்தால் போதும், புது அரிசிக்கும் வந்துவிடும். பழையதற்கு மேலே புதியதைக் கொட்டுகிற பழக்கத்தை நான் விட்ட பிறகுதான் என் வீட்டில் வண்டு நின்றது.

அதற்குப் பிறகுதான் இலை. காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் சின்னப் பொட்டலமாகக் கட்டி, வாளியில் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. சும்மா தூவினால் சோறு கசக்கும், பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள். செத்தல் மிளகாய் ஏழெட்டும் கராம்பு கொஞ்சமும் போடுவேன், பருப்புக்கும் கடலைக்கும் இதேதான். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் மாற்றுவேன், வாசம் போன இலை வெறும் சருகு. எங்கள் உம்மம்மா புத்தக அலுமாரியிலும் பட்டுச்சாரி மடிப்பிலும் கூட நொச்சி இலை வைப்பார், அந்த வாசம் எனக்கு இன்னும் அவரைத்தான் ஞாபகப்படுத்தும்.

எறும்பு தன் வாசத்தால் ஒரு கோடு போட்டுக்கொண்டு அதன் வழியே வரிசையாக வருகிறது. வரிசையில் வருகிறதை மட்டும் துடைத்தால் அரை மணித்தியாலத்தில் அடுத்த கூட்டம் வரும். சவர்க்காரத் தண்ணீரால் அந்தப் பாதையை முழுவதும், சுவர் வெடிப்பு வரை துடையுங்கள், பிறகு பிழிந்த தேசிக்காய்த் தோலால் அதே பாதையில் உரஞ்சுங்கள். வெடிப்பு வாயில் கறுவாத் தூள் அல்லது கராம்பு. எறும்பு செத்துப் போகாது, வேறு வழி பார்க்கும், எனக்கு அது போதும். அலுமாரிக் காலடியில் தண்ணீர்ச் சிரட்டை வைப்பதைத் தாதி அக்கா சொன்னதோடு நானும் நிறுத்தப் போகிறேன், இருபது வருடமாக வைத்திருக்கிறேன், இப்படி யோசித்ததே இல்லை. அதற்குப் பதிலாகக் காலைச் சுற்றிக் கொஞ்சம் வாசலின் பூசினால் எறும்பு ஏறாது.

இலையான் இருந்தால், எலுமிச்சைப்புல்லை முடிச்சுப் போட்டு அவித்த தண்ணீரால் தரை துடைப்பேன், குசினி நல்ல வாசமாக இருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால் இலையான் குறைந்தது மீன் செதிலையும் குடலையும் உடனே புதைக்கத் தொடங்கிய பிறகுதான். எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் இல்லை, முதலில் ஒரு வாளிக்குள் பின்னேரம் வரைக்கும் வைத்திருப்போம்.

வந்தாறுமூலை_தாவரவியல்:

ராத்தா சொன்ன கராம்புக்கு ஒரு வரி. கராம்பிலும் கறுவா இலையிலும் துளசியிலும் இருப்பது யூஜினோல் என்ற ஒரே பொருள், வண்டுக்கும் எறும்புக்கும் அது பிடிக்காது. மூடிய வாளிக்குள் அந்த வாசம் தங்கி நிற்கிறது, அதனால்தான் அரிசி வாளியில் பலிக்கிற இலை திறந்த அறையில் பலிப்பதில்லை. கல்லடி அக்கா, உங்கள் வேம்பை வெட்டிவிடாதீர்கள், பூச்சியைத் தடுக்கிற அசாடிரக்டின் என்ற பொருள் இலையை விட விதைப் பருப்பில்தான் கூட இருக்கிறது, மரக்கறிக் கன்றுகளுக்குப் பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டியை ஒரு லீற்றர் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரத்தோடு கலந்து பின்னேரத்தில் தெளியுங்கள். அது பூச்சியை உடனே கொல்லாது, தின்ன விடாமலும் வளர விடாமலும் செய்யும், ஆகவே இரண்டு மூன்று தரம் தெளித்துப் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

கல்லடி_வளவு:

எல்லோருக்கும் நன்றி. நாலு நாளில் நடந்ததைச் சொல்கிறேன்.

தாதி அக்காவின் பதிலை வாசித்துவிட்டு இரவு பத்து மணிக்கு டோர்ச் எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனேன். அந்த இரண்டு நுளம்புச் செடிச் சாடிக்கும் கீழே தட்டு வைத்திருந்தேன், தரை நனையக் கூடாது என்று. இரண்டு தட்டிலும் தண்ணீர், இரண்டிலும் குடம்பி, வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்குப் போயின. பிள்ளைகள் படுக்கிற யன்னலுக்கு நேரே, இரண்டு மாதமாக, நானே தண்ணீர் ஊற்றி. அன்றைக்கு நித்திரை கொள்ளவில்லை. விடிந்ததும் தட்டுகளைத் தும்பால் உரஞ்சிக் கவிழ்த்துவிட்டு, செடியை நிலத்தில் நட்டுவிட்டேன், அதன் மேல் எனக்குக் கோபமில்லை.

பிறகு மாமியும் நானும் வளவு முழுக்கச் சுற்றினோம். மாமிக்குத்தான் கண் கூர்மை, கூரைப் பீலியில் வேப்பஞ்சருகு அடைத்துத் தண்ணீர் நிற்பதை அவர்தான் கண்டார், மூத்தவனுடைய உடைந்த விளையாட்டு லொறியில் நிற்பதையும். இனி ஒவ்வொரு வெள்ளியும் அவரும் மூத்தவனும் சேர்ந்து பார்ப்பது என்று முடிவு, அவனுக்கு அது பெரிய சந்தோசம். புகை முற்றத்தில். இரண்டு இரவாக இருமல் இல்லை. சின்னவளுக்குக் குடை வலை வாங்கிவிட்டோம், முதல் நாள் அழுதாள், இப்போது அதற்குள் கிடந்து வலையைப் பார்த்துச் சிரிக்கிறாள். பாழ் கிணற்றுக்குக் கடிதம் கொடுத்தேன், வந்து பார்க்கிறோம் என்றார்கள், வரும் வரைக்கும் பழைய மீன்வலையை நாலு மடிப்பாக மடித்துக் கட்டி மூடியிருக்கிறோம்.

அரிசி வெயிலில் கிடக்கிறது ராத்தா, நீங்கள் சொன்ன மாதிரியே வண்டெல்லாம் பாயின் ஓரத்துக்கு ஓடி வருகிறது.

அண்ணன், மாமி நொச்சி பிடுங்குவது பக்கத்து ஒழுங்கையில், அங்கே மதில் கட்டப் போவதால் செடியை வெட்டப் போகிறார்களாம். எங்கள் வளவில் நட உங்களிடம் தடி கிடைக்குமா?

படுவான்கரை_விவசாயி:

தாராளமாக. சனிக்கிழமை காலையில் மண்முனைப் பாலத்தால் இந்தப் பக்கம் வாருங்கள், வரும் முதல் இங்கே தனிச்செய்தி ஒன்று போடுங்கள், சந்திக்கு நான் வருகிறேன். ஒரு ஈரச் சாக்குக் கொண்டு வர வேண்டும். பெருவிரல் பருமனில், ஒரு முழ நீளத்தில் முற்றின தடியாகப் பத்து வெட்டித் தருகிறேன், சரித்து நடுங்கள், இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கட்டும். மழை தொடங்கும் நேரத்தில் நட்டால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, சாடியில் நட வேண்டாம், வேலியோரம் நிலத்திலேயே நடுங்கள். மாமியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்கள் அம்மாவும் இந்தப் புகை விடயத்தில் நிறைய வைத்திருக்கிறார், இருவரும் கதைக்கட்டும்.